மயிரிழை

அந்த ஐப்பசிக் காலையில் லேபில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். கேன்டீன் அண்ணன் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்ன தம்பி, கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?" என்றார். அதைவிடப் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

லேசரைச் சுவரில் அடித்தால் சாதாரணமாக நெற்றிப்பொட்டு மாதிரி ஒரு புள்ளி விழும். அன்று காலை என் கேமராத் திரையில் விழுந்தது பொட்டு இல்லை, வளையம். நடுவில் கறுப்பு ஓட்டை, சுற்றிலும் ஒரே சீரான ஒளி. வெளிநாட்டுக்காரர்கள் இதை டோனட் என்பார்கள். எங்கள் லேபில் இதற்கு வடை என்று பெயர். இரண்டு வாரமாக நான் சுட்ட வடையெல்லாம் ஒரு பக்கம் தீய்ந்து ஒரு பக்கம் வேகாமல் வந்துகொண்டிருந்தது. ராத்திரி பதினோரு மணிவரை லென்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு வெறுத்துப்போய்த் தூங்கப் போனேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் வந்து லேசரைப் போட்டால், வெந்த வடை.

வடைக்கு ஏன் இத்தனை மவுசு என்று சொல்லிவிடுகிறேன். 1992-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ஆலன், பெயர்ஸ்பெர்கன், ஸ்ப்ரூவ், வூர்ட்மன் என்ற நான்கு பேர் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் பாதிப் பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. சரியான வளையத்தில் ஒளி அலை நேராகப் போவதில்லை, திருகாணிப் புரி மாதிரி முறுக்கிக்கொண்டு போகிறது. அதனால் அது கோண உந்தத்தைச் சுமக்கிறது, எதன்மேல் விழுகிறதோ அதைச் சுழற்ற முடியும். 1995-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இப்படிப்பட்ட ஒளியை வைத்துக் கறுப்புக் காப்பர் ஆக்சைடுத் துகள்களை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கிறுகிறுவென்று சுற்றவிட்டுக் காட்டினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கும் ஒரு துகளைச் சுற்றிவிட்டுத்தான் சாகவேண்டும் என்று ஒரு வெறி.

ஆனால் லேசர் தானாக நல்ல வடை சுடாது. அதற்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி போய்ப் போய் வரும்போது சில உருவங்கள் மட்டும்தான் கலையாமல் நிற்கும். அவற்றை மோட் என்போம். கட்டம் கட்டமாகப் பொட்டுகள் நிற்பது ஒரு குடும்பம், ஹெர்மைட்-காஸ். வட்டம் வட்டமாக நிற்பது இன்னொரு குடும்பம், லாகெர்-காஸ். எங்கள் லேசர் மாதிரிக் குழாயின் இரண்டு முனையிலும் சாய்வாகக் கண்ணாடிச் சில் ஒட்டியிருந்தால், அந்தச் சாய்வு வட்டத்தைக் கெடுத்துவிடும். கட்டக் குடும்பம்தான் வெளியே வரும். கட்டத்தை வட்டமாக மாற்றுகிற வேலை நம்முடையது.

அது எப்படி என்றால், கிணற்றுக் கயிற்றில் தொங்கும் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஒரு தள்ளு, அதே நொடியில் வடக்கே ஒரு தள்ளு கொடுத்தால் வாளி மூலைவாக்கில் முன்னும் பின்னும் ஆடும். வடக்குத் தள்ளைக் கால் ஆட்டம் தாமதமாகக் கொடுத்தால் அதே வாளி வட்டமடிக்கும். ஒளியிலும் அதேதான். அருகருகே இரண்டு பொட்டு இருக்கும் மோடை 45 டிகிரி திரும்பிய ஒருவர் பார்த்தால், அது ஒரு கிடைப் பொட்டு ஜோடியும் ஒரு நெட்டைப் பொட்டு ஜோடியும் சேர்ந்த கலவை. அதில் ஒரு ஜோடியை மட்டும் கால் அலை பிந்த வைத்துவிட்டால் வளையம் கிடைத்துவிடும்.

பிந்த வைப்பதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. 1890-ல் கூய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது: குவியத்தைத் தாண்டிப் போகும் ஒளி, தாண்டும்போது அலையின் ஃபேஸில் கொஞ்சம் நகர்ந்துவிடும். உருளை லென்ஸ் ஒரு திசையில் மட்டும்தான் குவிக்கும், ஆகவே இரண்டு திசைக்கும் நகர்வு வேறு வேறு. லைடன்காரர்கள் 1993-ல் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தார்கள். ஒரே மாதிரி இரண்டு உருளை லென்ஸ், இடைவெளி குவியத் தூரத்தைப் போல √2 மடங்கு. என்னுடையது 100 மில்லிமீட்டர் லென்ஸ், ஆகவே இடைவெளி 141.4. நடுவில் ஒளிக்கற்றையின் இடுப்பு 0.19 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஆரம் இருக்கும்படி வரவேண்டும். அப்படி வந்தால் ஒரு திசையில் 45 டிகிரி நகர்வு, இன்னொரு திசையில் 135. வித்தியாசம் 90, அதாவது கால் அலை. இந்தக் கணக்கை முதல் முறை போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போதும் கொஞ்சம் புல்லரிக்கும்.

ஆக, எனக்கு வேண்டியது சுத்தமான இரட்டைப் பொட்டு. எங்கள் பழைய லேசரின் ஒரு கண்ணாடியில் நடுவே பூச்சு உதிர்ந்து ஊசிமுனை அளவு ஒரு புள்ளி இருந்தது. ஒளியை அதன்மேல் நிறுத்தினால் வழக்கமான ஒற்றைப் பொட்டு செத்துவிடும், அடுத்த நிலையில் இருக்கும் இரட்டைப் பொட்டு எழுந்துகொள்ளும். ஆனால் அது கிடையாக எழுமா நெட்டையாக எழுமா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஒரு தலைமுடி. அலுமினிய வளையத்தில் ஒரு முடியை இழுத்து ஒட்டி, நெட்டுக்குத்தாக லேசருக்குள் வைத்தேன். இரண்டு பொட்டுக்கும் நடுவே இருக்கும் இருட்டுக் கோட்டில் முடி நிற்கும். கிடை ஜோடிக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, நெட்டை ஜோடியால் எழ முடியாது. என் சொந்த முடிதான். அப்போது எனக்கு முடி இருந்தது.

வடை வந்த நாளிலிருந்து நான் கொஞ்சம் ஆட ஆரம்பித்தேன். லென்ஸை ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பார்த்தேன். வளையம் லேசாக நீண்டது, உடையவில்லை. லென்ஸ் இரண்டையும் 20 டிகிரி திருப்பினேன், வளையம் அப்படியே. 45 டிகிரி திருப்பினேன், அப்போதும் அப்படியே. புத்தகங்கள் எல்லாம் இந்த ஏற்பாடு நோஞ்சான், தொட்டால் கெட்டுவிடும் என்று பயமுறுத்தியிருந்தன. என்னுடையதோ திண்டுக்கல் பூட்டு மாதிரி எதற்கும் அசையவில்லை. நான் சுருக்கவுரையில் எழுதிய வாக்கியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: இந்த மாற்றி, லென்ஸின் கோணப் பிழைகளால் பாதிக்கப்படுவதில்லை. அந்த வரியை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மார்ச் மாதம் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு அதை அனுப்பினோம். கைடு பெயரும் அதில் இருந்தது.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் துகள் மட்டும் சுற்ற மறுத்தது.

நவம்பரில் குற்றவாளி துகள். வேறு பவுடர் வாங்கினேன். பிறகு குற்றவாளி துகள் மிதக்கும் மண்ணெண்ணெய், அதை மாற்றினேன். டிசம்பரில் மைக்ராஸ்கோப் லென்ஸ். ஜனவரியில் லேசரின் திறன் போதாது என்று முடிவுக்கு வந்து, புது லேசர் கேட்டு நாலு பக்கக் கடிதம். வளையத்தைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். நடுவில் ஒருநாள் ஒரு துகள் சுற்றியது, பதினாலு நொடி. அதை வீடியோ எடுத்து மாநாட்டுக்கென்று தனியாக எடுத்துவைத்தேன். அன்று ஏசிக்காரர் வந்து வடிகட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார் என்பதும், மேஜை மேலே காற்று நேராக அடித்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துவைத்தேன்.

அந்த டிசம்பரில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். வந்த இரண்டாவது வாரம், "அண்ணா, கன்வெர்ட்டருக்கு முன்னாடி பீம் எப்படி இருக்குன்னு ஒருதடவ பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அக்டோபர்லயே பாத்தாச்சும்மா."

பொய் இல்லை. அக்டோபரில் பார்த்திருந்தேன், அழகான இரட்டைப் பொட்டு. மழைக்கு முன்னால்.

ஒரு வாரம் கழித்து, வளையத்துக்குள் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது என்றாள். அகமதாபாத்தில் வைத்தி, பானர்ஜி, சிங் என்ற மூன்று பேர் 2013-ல் எழுதியது. சாதாரணக் குவிலென்ஸ் ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதும், முறுக்குள்ள வளையம் பிரிந்து தனித்தனிப் பொட்டுகளாகிவிடும், ஒரு முறுக்கு என்றால் இரண்டு பொட்டு. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு மோட் மாற்றம்தான், வட்டத்திலிருந்து திரும்பக் கட்டத்துக்கு. எனக்கு அந்தக் கட்டுரை தெரியும். "வளையம் கண்ணுக்குத் தெரியுது, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" என்றேன். சொன்ன தொனியை இங்கே எழுத முடியவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அவளுக்கு லென்ஸ் துடைக்கும் வேலை கொடுத்தேன். வேலை இருந்தால் கேள்வி வராது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. மூன்று மணிக்குக் கைடு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு டம்ளரோடு லேபுக்குள் நுழைந்தேன். உள்ளே டீ கொண்டுவரக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியதும் நான்தான். விளக்கு அணைந்திருந்தது. மேஜை ஓரத்தில் ஒரு சின்ன டார்ச் வெளிச்சம். அதில் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ளை லென்ஸ் தாள், அதன்மேல் கண்ணாடிக் கட்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில். என் உருளை லென்ஸ்கள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "அத ஏன் கழட்டின? யார் கழட்டச் சொன்னா? சார் மூணு மணிக்கு வர்றார் தெரியுமா?"

துடைக்கச் சொன்னதே நான்தான். அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்று திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

திரையில் வளையம் இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வளையம் இருக்கிறதே, நல்லதுதானே என்றுதான் ஓடியது. அளவு கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான். நடு ஓட்டை கறுப்பாக, ஓரம் சீராக, மூன்று மாதமாக நான் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த அதே வளையம். டீ டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்க இடம் தேடினேன். மேஜையில் இரண்டு காலி லென்ஸ் ஹோல்டர் நின்றது. அதன் வழியாகச் சிவப்பு ஒளி ஒன்றையும் தொடாமல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள் அவள், ரொம்ப மெதுவாக, "லென்ஸ் ரெண்டும் இங்க இருக்கு."

லென்ஸ் ரெண்டும் இங்கே இருக்கின்றன. வளையம் அங்கே இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாக மண்டைக்குள் நிறுத்த எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியாது. டீ ஆறியிருந்தது.

லேசரின் மூடியைத் திறந்தோம். அலுமினிய வளையத்தில் மேல்பக்கம் பசைத்துளி அப்படியே இருந்தது. கீழ்ப்பக்கத் துளியில் முடி நின்ற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். முடி கழன்று, மேலே சுருண்டு, ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ஈரத்தில் முடி நீளும். ஈரப்பதம் அளக்கும் பழைய கருவிகளில் முடியை வைத்ததே அதற்காகத்தான். அந்த ஐப்பசி மழை ராத்திரியில் முடி தளர்ந்து, பசையும் விட்டு, கழன்றிருக்கவேண்டும். எல்லாம் கெட்டுப்போன ராத்திரிக்கு அடுத்த காலையில்தான் நான் வடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முடி இல்லாததால் கிடை ஜோடி, நெட்டை ஜோடி இரண்டும் எழுந்துவிட்டன. ஆனால் இரண்டும் சேர்ந்து ஆடவில்லை. அந்தச் சாய்வுச் சில்லால் இரண்டுக்கும் அதிர்வெண்ணில் இம்மி வித்தியாசம். கிழக்கு ஆட்டமும் வடக்கு ஆட்டமும் சற்றே வேறு வேகத்தில் இருக்கிற வாளி என்ன செய்யும்? கொஞ்ச நேரம் வலம் சுற்றும், மூலைவாக்கில் ஆடும், பிறகு இடம் சுற்றும், மறுபடி மூலைவாக்கு. என் ஒளி இதை நொடிக்குப் பல லட்சம் தடவை செய்துகொண்டிருந்தது. கேமராவுக்கு அவ்வளவு வேகமில்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே வளையமாகக் காட்டியது. துகளுக்கோ வலமும் இடமும் கழிந்து மிச்சம் பூஜ்யம். அது சுற்றாமல் நின்றதுதான் அந்த லேபிலேயே நேர்மையான அளவீடு.

என்னை உண்மையில் குத்தியது வேறொன்று. இப்படிக் கலந்தடித்த கலவையை எந்த மாற்றியில் விட்டாலும், எந்தக் கோணத்தில் விட்டாலும், கலவையாகவே வெளியே வரும். போலரைசேஷனில் இதை இளநிலை வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள்: போலரைஸ் ஆகாத ஒளியைக் கால் அலைத் தகட்டில் விட்டால் ஒரு மாற்றமும் தெரியாது, தகட்டை எப்படித் திருப்பினாலும். மோட் மாற்றிக்கும் தகட்டுக்கும் கணக்கு ஒன்றே என்று பேட்ஜெட்டும் கோர்ஷியலும் 1999-ல் கோளம் போட்டே காட்டியிருக்கிறார்கள். தகட்டுப் பாடத்தை மூன்று வருடமாக ப்ராக்டிகல் வகுப்பில் நடத்தியவன் நான். "திருப்பிப் பாருங்க, ஒண்ணும் மாறலயா? அப்ப என்ன அர்த்தம்?" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். யாராவது விழித்தால் சிரிப்பேன்.

மூன்று மணிக்குக் கைடு வந்தார். நின்றபடியே எல்லாம் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "கான்ஃபரன்ஸ்க்கு எழுதி வாபஸ் வாங்கிடு," என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

அவள் அப்போது பக்கத்து அறையில் இருந்தாள். "க்ளீன் பண்ணும்போது தெரிஞ்சது சார்," என்றேன். தமிழில் இது ஒரு வசதி. தெரிந்தது என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்குத் தெரிந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவரும் கேட்கவில்லை.

மறுநாள் புது முடி ஒட்ட உட்கார்ந்தோம். என் முடி கட்டையாக வெட்டியிருந்தது, வளையத்துக்கு எட்டவில்லை. அவள் பின்னலிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். நுனி இரண்டிலும் நெயில் பாலிஷ் வைத்து ஒட்டியதும் அவள்தான், என் கை நடுங்கியது. மூடியை மூடி லேசரைப் போட்டதும் இரட்டைப் பொட்டு வந்தது. லென்ஸை வைத்தோம். பழையபடி கோணல் வடை. சந்தோஷமாக இருந்தது. இடைவெளியை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால் முகம் சுளித்தது, லென்ஸை 45 டிகிரி திருப்பினால் வளையம் காணாமல் போய் இரண்டு பொட்டு நின்றது. நோஞ்சானாக, தொட்டால் கெடுகிறதாக, புத்தகத்தில் சொன்னபடியே. மூன்று வாரத்தில் வெந்த வளையம் கிடைத்தது. அவள் சொன்ன சாய்ந்த லென்ஸை வைத்தோம். நடுவே கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு.

துகள் கடைசிவரை சுற்றவில்லை. அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. வடை போச்சு. வளையத்தின் சுத்தத்தை அளப்பதோடு ஆய்வேட்டை முடித்துக்கொண்டேன். அவள் மே மாதம் ப்ராஜெக்ட் முடித்துப் போனாள். பிஎச்.டி.க்கு எங்கள் லேபுக்கு விண்ணப்பிக்கவில்லை.

போன மாதம் ஒரு படம் தேவைப்பட்டு ஆய்வேட்டை எடுத்தேன். நன்றியுரை மூன்று பக்கம். கேன்டீன் அண்ணன் இருக்கிறார், ஹாஸ்டல் வாட்ச்மேன் இருக்கிறார், லேப் வாசலில் படுத்திருந்த நாய்கூட வேடிக்கையாக ஒரு வரியில் இருக்கிறது. அவள் பெயரைத் தேடினேன். இரண்டாம் தடவையும் தேடினேன். பிறகு நாலாவது அத்தியாயத்தைத் திருப்பினேன். அளவீடுகள் எல்லாம் அங்கேதான். கருவி அமைப்பு என்ற தலைப்புக்குக் கீழே, ஏழாவது வரியில் இருந்தது: லேசருக்குள் ஒரு மனிதத் தலைமுடி பொருத்தப்பட்டது, விட்டம் சுமார் 70 மைக்ரான்.